புளோரிடா எண்ணி முடிக்கும்வரை

1. பத்து மணி

2000ஆம் ஆண்டு நவம்பர் எட்டாம் திகதி, புதன்கிழமை காலை பத்து மணிக்கு, ஒஸ்லோவில் ஒரு கொம்பனியின் மூன்றாம் மாடியில், அறுபது பேருக்கான ஒரு கேக்கின் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். கேக்கின் மேல் அமெரிக்காவின் புதிய சனாதிபதியின் பெயர் இருந்தது. எழுதியது நான். மூலையில் இருந்த ரீவியில், அவர் இன்னும் சனாதிபதி ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அறையில் இருந்தவர்கள் முதலில் ரீவியைப் பார்த்தார்கள். பிறகு கேக்கைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

இப்போது பேக்கரி வேலைக்கு வரும் எங்கள் பிள்ளைகள் சிலர், "அண்ணை, கேக்கில எழுதி ஏதும் பிழை விட்டிருக்கிறியளோ?" என்று கேட்பார்கள். எழுத்துப் பிழையை நினைத்துக் கேட்கிறார்கள். அன்றைக்கு எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. நான்கு எழுத்து, நான்கும் சரி. என் வாழ்நாளில் அவ்வளவு நேராக நான் அதற்கு முன் எழுதியதில்லை.

2. தட்டறை

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மன்னார்க் கரையில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் புனிதர்களின் பெயர். ஆங்கில எழுத்துகளை வாசிக்கத் தெரிந்து எழுதியவன் அல்ல, பார்த்து வரைந்தவன். நோர்வேக்கு வந்த பிறகு ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் எங்கள் மாடிவீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்தது. தட்டறையில், அதாவது பாண் தட்டுக் கழுவும் அறையில், வேலை. ஆறு வருடம் கழுவினேன்.

முதலாளி பெயர் ஊட்வார். இங்கே முதலாளியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அதற்குப் பழகவே எனக்கு ஒரு வருடம் போனது. ஊட்வார் சிரித்து நான் கண்டதில்லை. பகிடி விடுவார் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எது பகிடி, எது கட்டளை என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் கட்டளையாகவே எடுத்துக்கொண்டேன். அவர் கதைத்தது நோர்வே மொழி. என் காதுக்குள் அது எங்கள் பேச்சாகத்தான் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அந்தக் கோடையில் கேக் மேசையில் நின்றவர் இடுப்பில் நாரிப் பிடிப்போடு வேலையை விட்டுப் போனார். நான் மாப் பைக் காகிதத்தில் எழுத்து வரைந்து பழகுவதை ஊட்வார் கண்டிருக்கிறார்.

"மூண்டு மாதம் மேசையில நிண்டு பார். சரிவந்தால் நிரந்தரம். சரிவராட்டித் தட்டறை."

அவ்வளவுதான் பேச்சு. நவம்பர் நடுப்பகுதியில் மூன்று மாதம் முடியும்.

மேசையில் எனக்கு ஒரே ஒரு பிரச்சினை. கேக்கின் மேல் விரிக்கும் மாசிபான், அதாவது பாதாமை அரைத்துச் சீனியோடு பிசைந்து துணிபோலத் தட்டி எடுத்த விரிப்பு, அதன் மேல் சொக்லேட்டால் எழுத வேண்டும். ஒருதரம் எழுதினால் எழுதியதுதான். சுரண்டினால் கறை நிற்கும். எனக்கோ பயம். காகிதத்தில் பத்துத் தரம் எழுதிப் பார்ப்பேன். பிறகு தனியாக ஒரு சிறிய மாசிபான் துண்டில் எழுதி, அதைக் கேக்கில் ஒட்டுவேன். பிழைத்தால் துண்டை மாற்றலாம்.

ஊட்வாருக்கு அது பிடிக்காது. "ஒட்டுப்போட்ட கேக் கேக்கில்லை. நேரை எழுது. உன்ர கை நடுங்குறது தெரிஞ்சால் வாங்கிறவனுக்கும் பயம் வரும்."

இன்னொன்றையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். தட்டறைச் சுவரில், கழுவும் மெஷினுக்குப் பக்கத்தில், வேலையாட்கள் எல்லோருக்கும் பெயர் போட்ட சிறு தட்டுகள் உண்டு. அறிவித்தல்களை அதில்தான் வைப்பார்கள். சம்பளத் துண்டு வீட்டுக்கு வந்துவிடும். தட்டில் வருவது தீயணைப்புப் பயிற்சி, கிறிஸ்மஸுக்கு நத்தார் விருந்து, இப்படி ஏதாவது. மேசைக்குப் போன நாளிலிருந்து நான் அந்தப் பக்கம் போகவில்லை. போனால், "வந்தனீதானே, இந்த இருபது தட்டையும் கழுவிப்போட்டுப் போ" என்று யாராவது சொல்வார்கள். ஒருதரம் கழுவினால் அங்கேயே நிற்கவேண்டி வந்துவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

3. ஓடர்

குன்வோர் என்று ஒரு பெண். அமெரிக்காவுக்கு சல்மன் மீன் விற்கும் கொம்பனியில் வேலை. தேர்தலுக்கு அடுத்த நாள் காலையில், மீன் வாங்கும் அமெரிக்கர்களை அழைத்துச் சாப்பாடு வைக்கப்போவதாகச் சொல்லி ஓடர் தந்தா. மேலே, "வாழ்த்துகள், சனாதிபதி அவர்களே." கீழே, வெல்பவரின் பெயர். எட்டரைக்குப் பெயரைத் தொலைபேசியில் சொல்வதாகவும், ஒன்பதரைக்குக் கேக் அங்கே நிற்க வேண்டும் என்றும் சொன்னா.

போட்டியில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்போது உப சனாதிபதி, மற்றவர் ஒரு மாநிலத்தின் ஆளுநர். இரண்டு பெயரையும் வாங்கிக்கொண்டுபோய் ஒரு வாரம் காகிதத்தில் எழுதிப் பழகினேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நான்கு எழுத்துத்தான். அது ஒன்றுதான் ஆறுதல்.

எங்கள் மாடிவீட்டில் பாலாஜி என்று கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் இருந்தார். கம்பியூட்டர் வேலை. லிஃப்டில் காணும்போது கேட்டேன்.

"தம்பி, அமெரிக்காவில எப்ப எண்ணி முடிப்பாங்கள்?"

"அண்ணே, அங்க ஸ்டேட் ஸ்டேட்டா பாயிண்ட் மாதிரி கணக்கு. ஒரு ஸ்டேட்ல ஒரு ஓட்டு கூட வாங்கினாலும் அந்த ஸ்டேட் மொத்தமும் அவருக்கு. இந்தத் தடவை புளோரிடா யாருக்கோ அவர்தான் பிரசிடெண்ட்னு சொல்றாங்க. நீங்க ஏண்ணே டென்ஷன் ஆவுறீங்க?"

"கேக் எழுத வேணும்."

பாலாஜி என்னைப் பார்த்தார். நாலாம் மாடி வந்ததும் இறங்கிப் போனார்.

என் மனைவி ஸ்டெல்லா என் பையைப் பார்த்துச் சிரித்தா. முதல்நாள் மாலையே கட்டி வைத்துவிட்டேன்: பிளாஸ்டிக்கில் சுற்றிய மாசிபான் விரிப்பு, சிறிய உருளை, கத்தி, தூரிகை, சீனி மா, பெட்டி கிழிந்தால் ஒட்டுவதற்கு ஒட்டுநாடா.

"என்னப்பா, கேக் கொண்டுபோறியளோ, பிள்ளைப்பேற்றுக்குப் போறியளோ?"

4. வானொலி

அந்தப் புதன் விடிய நான்கு மணிக்கு வேலை தொடங்கும்போது வானொலியில் சொன்னார்கள்: புளோரிடாவை முதலில் உப சனாதிபதிக்கு என்று அறிவித்தார்களாம், இப்போது அதைத் திருப்பி எடுத்துவிட்டார்களாம். மாவைப் பிசைந்துகொண்டே ஊட்வார் சொன்னார், "ரீவிக்காரருக்கும் உன்னைப்போல ஒரு துண்டு இருந்தால் நல்லாயிருக்கும்."

எட்டே காலுக்கு வானொலியில் புளோரிடா ஆளுநருக்கு என்றார்கள். ஆளுநர்தான் சனாதிபதி என்றார்கள். எட்டரைக்குக் குன்வோர் அழைத்து அதே பெயரைச் சொன்னா. நான் வழக்கம்போல மாசிபான் துண்டை வெட்டப் போனேன். ஊட்வார் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இண்டைக்கும் ஒட்டுத்தானோ?"

நான் துண்டை வைத்துவிட்டுக் கேக்கின் மேலேயே எழுதினேன். கை நடுங்கவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊட்வார் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு இல்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

பேக்கரியின் வான் வண்டியில் கேக்கோடு நானும் ஏறினேன். ஓட்டுநர், "நான் கொண்டுபோக மாட்டனோ?" என்றார். கொண்டுபோவார். பிரேக் பிடிப்பதை நினைத்தால் எனக்கு இருக்க முடியாது.

5. உறைக்குள் இருந்த வாக்கு

கேக்கை வைத்து, பெட்டியை மடித்து, போகலாம் என்று நிற்கும்போதுதான் பத்து மணி ஆனது. புளோரிடாவைத் திரும்பவும் எடுத்துவிட்டார்கள். வித்தியாசம் மிகச் சிறிது, முடிவு தெரியாது, மறுபடி எண்ணுவார்களாம்.

அறையில் ரூத் என்று ஒரு வயதான அமெரிக்கப் பெண் இருந்தா. குன்வோரின் ஆகப் பெரிய மீன் வாடிக்கை அவதான். அவ எழும்பி வந்து கேக்கைப் பார்த்து ஏதோ சொன்னா. சிலர் சிரித்தார்கள். குன்வோர் சிரிக்கவில்லை. எனக்கு நோர்வே மொழியில் சொன்னா:

"இவ புளோரிடாக்காரி. வாக்கைத் தபாலில போட்டவவாம். அது இன்னும் உறைக்குள்ளதான் கிடக்கும், அதுக்கிடையில உங்கட கேக்குக்குத் தெரிஞ்சு போச்சோ எண்டு கேக்கிறா."

பிறகு என் காதருகே, "அந்தப் பேரை எடுக்க ஏலுமோ?" என்றா.

எடுக்க ஏலாது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஊட்வாருக்கு அழைத்துச் சொல்வார்கள், மூன்று மாதமும் இன்றோடு முடிந்தது, நாளைக்குத் தட்டறை. இவ்வளவும் வாயைத் திறக்கும் நேரத்துக்குள் யோசித்து முடித்துவிட்டேன். அப்போதுதான் பை ஞாபகம் வந்தது.

அறுபது பேருக்கு முன்னால் மேசையில் சீனி மாவைத் தூவி, விரிப்பை உருட்டி, பெயரின் அளவுக்கு ஒரு பட்டி வெட்டினேன். பெயரின் மேல் வைத்து, ஓரங்களைத் தூரிகையால் நனைத்து அழுத்தினேன். ஒட்டுத்தான். முடிந்தபோது மேலே வாழ்த்துகள் இருந்தது, கீழே வெறும் வெள்ளை.

ரூத் அதைப் பார்த்து ஒரு வசனம் சொன்னா. குன்வோர் மொழிபெயர்த்தா: "விடிஞ்சதில இருந்து நான் கண்ட முதல் சரியான முடிவு இதுதானாம்."

கேக்கை வெட்டும்போது ரூத் வெள்ளைப் பக்கத்தில்தான் ஒரு துண்டு கேட்டா. முள்ளுக்கரண்டியால் பட்டியின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தா. உள்ளே ஒரு எழுத்து. திரும்ப மூடி வைத்துவிட்டு மற்றப் பக்கத்தால் சாப்பிட்டா.

6. பெப்பர்காகே

பேக்கரிக்குத் திரும்பியபோது ஊட்வாருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"நேரை எழுதினியோ?"

"ஓம்."

"பிறகு ஒட்டினியோ?"

"ஓம்."

"அப்ப நான் எதைப் பாக்கிறது?"

துணிந்து கேட்டேன். "அப்ப என்ர விஷயம்?"

அவர் வானொலியைக் காட்டினார். "புளோரிடா முடிவு சொல்லட்டும். பிறகு நானும் சொல்லுறன்."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து புளோரிடா எண்ணத் தொடங்கியது, நானும் எண்ணத் தொடங்கினேன்.

நவம்பர் நடுப்பகுதியில் என் மூன்று மாதம் முடிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போ என்று சொல்லாதவரை வருவது என்று வந்துகொண்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த தபால் வாக்குகளை எண்ணினார்கள். சில பகுதிகளில் கையால் எண்ணினார்கள். ஒரு நீதிமன்றம் எண்ணு என்றது, இன்னொன்று நிறுத்து என்றது. கடைசியில் வித்தியாசம் ஐந்நூற்று முப்பத்தேழு வாக்கு என்றார்கள். அதன் பிறகும் முடியவில்லை. ஞாயிறு தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில், வாக்கு எண்ணுகிறவர்களுக்காகவும் மன்றாடச் சொல்லிச் சுவாமியிடம் ஒரு சீட்டுக் கொடுத்தேன். சுவாமி பார்த்துவிட்டு, "எந்தத் தேர்தல்?" என்றார். சொன்னேன். சீட்டைச் சட்டைப் பையில் வைத்தார். வாசிக்கவில்லை.

ஸ்டெல்லாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"வாய் இருக்குத்தானே, அந்தாளிட்டக் கேளுங்கோவன்."

"கேட்டால் முடிவைச் சொல்லிப்போடுவார்."

"அதுக்குத்தானேயப்பா கேக்கிறது!"

அவர்கள் ஏன் இவ்வளவு காலம் எண்ணுகிறார்கள் என்று பாலாஜியிடம் கேட்டேன். அவர் லிஃப்டை ஒரு காலால் மறித்துக்கொண்டு விளங்கப்படுத்தினார். "அண்ணே, அங்க சில இடத்துல அட்டையில ஓட்டை போட்டுத்தான் ஓட்டு. சில அட்டையில குத்துன துண்டு முழுசா விழல. ஒரு மூலையில தொங்குது. அதை ஓட்டுன்னு எடுக்கறதா, இல்லையான்னுதான் சண்டை."

மறுநாள் எனக்கு அது கையாலேயே விளங்கியது. நவம்பர் கடைசி, பெப்பர்காகே வேலை. நத்தாருக்கு நோர்வேக்காரர் எல்லோரும் சாப்பிடும் கறுவாப்பட்டை மணக்கும் பிஸ்கட் அது. மாவை விரித்து இதய வடிவ அச்சால் வெட்டுவோம். தொங்கவிட நடுவில் ஒரு சிறு துளை. மா குளிராயிருந்தால் துளையின் துண்டு விழாது, ஒரு மூலையில் தொங்கும். ஊட்வாருக்கு ஒன்றைத் தூக்கிக் காட்டினேன்.

"இது துளையோ, இல்லையோ?"

அவர் கிட்டவந்து பார்த்தார். புளோரிடாவைத்தான் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"துளைதான். குத்தினவன் துளை போடத்தானே குத்தினவன்?"

"கை தவறிப் பட்டிருந்தால்?"

"கை தவறினால் இவ்வளவு நடுவில விழாது."

"இது?" தொங்காமல் வெறுமனே பள்ளம் விழுந்த ஒன்றைக் காட்டினேன்.

ஊட்வார் அதை விரலால் தடவிப் பார்த்தார். "இதுக்குத்தான் நீதிமன்றம்," என்றார்.

ஆறு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு கதைத்ததில்லை. போகும்போது அவர் திரும்பி நின்று சொன்னார்:

"எல்லாம் உன்ர வாயில வருது. வரவேண்டியது மட்டும் வரேல்லை."

வரவேண்டியது என்ன என்று ஒரு வாரம் யோசித்தேன். மன்னிப்பு என்றா ஸ்டெல்லா. வேலையை விடுகிறேன் என்று நானாகச் சொல்வதை எதிர்பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். அதன் பிறகு அவர் முகம் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டு வந்தது. காலை வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டினார். நான் தட்டறைப் பக்கம் இன்னும் தூரமாகச் சுற்றிப் போனேன்.

7. லூசியா நாளும் அடுத்த நாளும்

டிசம்பர் பதின்மூன்று இங்கே லூசியா நாள், புனித லூசியாவின் திருநாள். பேக்கரிக்காரருக்கு அன்று மூச்சு விட நேரமில்லை. விடியுமுன் ஆயிரக்கணக்கில் மஞ்சள் பண் சுட வேண்டும். நான்கு மணிக்கு வானொலியைப் போட்டபோது, அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் புளோரிடாவில் எண்ணுவதை நிறுத்திவிட்டது என்றார்கள். எட்டு மணிக்குக் குன்வோர் அழைத்தா. அதே கேக், நாளைக்கு. அதே பெயர்.

"உறுதியோ?" என்று கேட்டேன்.

"நீதிமன்றமே சொல்லிப்போட்டுது."

"மற்றவர் தோல்வியை ஒப்புக்கொண்டிட்டாரோ?"

"அப்ப நாளைக்குக் காலமை எழுதுங்கோ," என்றா.

மறுநாள் நான்கு மணிக்கு, உப சனாதிபதி ஒப்புக்கொண்டுவிட்டார் என்று வானொலி சொன்னது. அடுத்த செய்தியிலும் அதையே சொன்னார்களா என்று பார்த்துவிட்டு, கேக்கின் மேல் நேராக எழுதினேன். அதே நான்கு எழுத்து. ஊட்வார் பக்கத்தில் வந்து நின்றார்.

"நவம்பரிலயும் இதே பேர்தானே?"

"ஓம்."

"அப்ப அந்தக் கேக் சரியாத்தான் இருந்திருக்கு."

"இல்லை. அண்டைக்கு அது பிழை."

சொக்லேட்டைக் கீழே வைத்தேன். இனிமேல் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

"புளோரிடா முடிவு சொல்லிப்போட்டுது. நீங்களும் சொல்லுறன் எண்டனீங்கள்."

"என்னத்தை?"

"என்ர வேலையை. மேசையோ, தட்டறையோ எண்டு."

ஊட்வார் என்னைப் பார்த்தார். நான் விசரனோ என்று பார்ப்பது போல இருந்தது. பிறகு தட்டறைக்குள் போனார். அதுதான் விடை என்று நினைத்து நானும் பின்னால் போனேன். மேலங்கியைக்கூடக் கழற்றத் தொடங்கிவிட்டேன். அவர் சுவரில் என் பெயர் போட்ட தட்டுக்குள் கையை விட்டார். தீயணைப்புப் பயிற்சி வந்தது. நத்தார் விருந்து வந்தது. அதற்குக் கீழே ஒரு வெள்ளை உறை, மேலே மாத் தூசி.

"பிரி."

பிரித்தேன். கேக் மேசையில் நிரந்தர வேலை. கீழே அவர் கையெழுத்து. திகதி நவம்பர் ஆறு. அமெரிக்காவில் தேர்தல் நடந்ததே ஏழாம் திகதி.

"அண்டைக்குப் புளோரிடா எண்டு சொன்னீங்களே?"

"பகிடிக்குச் சொன்னனான். கடிதம் கிடைச்சிருக்கும்தானே எண்டு. அஞ்சு கிழமையா ஒரு நன்றி சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். உனக்குத் திமிர் எண்டு என்ர மனுசி சொன்னவ."

நான் கடிதத்தை மறுபடி வாசித்தேன். கடைசி வரியில், பதினான்கு நாட்களுக்குள் கையெழுத்திட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று இருந்தது. வரியைத் தொட்டுக் காட்டினேன்.

"திகதி முடிஞ்சு போச்சு."

ஊட்வார் வாங்கிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துத் தந்தார்.

"தபால் வாக்கு. எண்ணுவம்."

பகிடியோ, கட்டளையோ என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. அவர் மனம் மாறுவதற்குள் மெஷினின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். காகிதத்தில் முன்னதாக எழுதிப் பார்க்கவில்லை. பிறகு நன்றி சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

8. பிள்ளைகளுக்கு

ரூத்தின் உறையை அங்கே பிரித்தார்களோ, எண்ணினார்களோ எனக்குத் தெரியாது. குன்வோரிடம் கேட்டேன், அவவுக்கும் தெரியாது.

ஸ்டெல்லாவுக்கு நடந்ததைச் சொன்னபோது அவ கதிரையில் இருந்து சிரித்து முடிக்கக் கால் மணித்தியாலம் ஆனது. பிறகு அடுக்களையில் என்னவோ எடுக்கப் போய் அங்கேயும் சிரித்தா. பாலாஜிக்கு லிஃப்டில் அவதான் சொன்னா. அவர், "அண்ணே, பரவாயில்ல, அவங்களவிட உங்களுக்கு ஒரு நாள்தானே லேட்டு," என்றார்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. எண்ணி முடியுமுன் பெயர் எழுதச் சொன்னால் எழுதுங்கள், முதலாளி சொன்னால் எழுதத்தான் வேண்டும். ஆனால் பையில் ஒரு மாசிபான் துண்டு இருக்கட்டும். மற்றது, உங்கள் பெயர் போட்ட தட்டு எங்கே இருந்தாலும் போய்ப் பாருங்கள்.

நான் இப்போது தினமும் காலையில் முதல் வேலையாகத் தட்டறைக்குத்தான் போகிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சில நாட்களில், "வந்தனீதானே, இந்த இருபது தட்டையும் கழுவிப்போட்டுப் போ" என்பார்கள். கழுவிவிட்டு வருவேன்.